எதில் மூன்றில் ஒன்று?

எளாவூரை ஒட்டிய பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே பங்குக் கணக்கைக் கேட்டு வளர்கிறார்கள். யார் எந்த இடத்தில் எப்போது வலை போடுவது என்று முறைவைத்துக்கொள்ளும் ‘பாடு’ வழக்கம் இந்த ஏரியில் தலைமுறைகளாக இருக்கிறது. மீன் விற்ற பணத்திலும் படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, உழைத்தவர்களுக்கு ஒரு பங்கு. விகிதம்தான் ஊருக்கு ஊர் மாறும்.

பள்ளியிலோ இந்தப் பிள்ளைகளுக்குப் பின்னப் பெருக்கல் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: மேலே உள்ளதை மேலே உள்ளதோடு பெருக்கு, கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடு பெருக்கு. விதி சரிதான்; பொ.ஆ. 628-இல் பிரம்மகுப்தர் எழுதிவைத்ததும் இதுவே. ஆனால், அது எளிது என்பதுதான் சிக்கல். பின்னக் கூட்டலில் தடுமாறும் பிள்ளைகூட இதில் முழு மதிப்பெண் வாங்கிவிடும். பெருக்கியும் விடை ஏன் சிறுத்தது என்று யாரும் கேட்காமலே பாடம் முடிந்துபோகும்.

விற்ற பணத்தில் பாதி படகுக்கும் வலைக்கும், மீதிப் பாதி உழைத்த மூவருக்குச் சமமாக என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பணம் ஒரு செவ்வகம். நெடுக்கே ஒரு கோடு போட்டு, உழைத்தவர்களின் பாதிக்கு வண்ணம் தீட்டலாம். பிறகு குறுக்கே இரண்டு கோடுகள். ஆறு கட்டங்கள் கிடைக்கும்; வண்ணப் பாதியில் ஆளுக்கு ஒன்று. ½ × ⅓ = ⅙.

கவனம் வேண்டிய இடம் இதுதான். குறுக்குக் கோடுகளை வண்ணப் பாதியோடு நிறுத்திவிட்டால் அங்கே மூன்று கட்டங்கள்தான் தெரியும். பிள்ளை ⅓ என்று சொல்லும். பாதியில் எவ்வளவு என்று கேட்டிருந்தால் அது சரியான விடை. மொத்தத்தில் எவ்வளவு என்பதற்குக் கோட்டை மறுவிளிம்புவரை இழுத்தாக வேண்டும். கீழே உள்ள 2-ஐயும் 3-ஐயும் ஏன் பெருக்குகிறோம் என்பதும் அப்போதுதான் விளங்கும். படம் வரைந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு கோட்டுக்கும் ‘எதில்?’ என்று ஆசிரியர் கேட்க வேண்டும்.

வட்டம் இதற்குத் தோதுப்படாது. ⅘-இல் ⅔-ஐ வட்டத்தில் பிரித்துக் காட்டப் பெரியவர்களே திணறுவார்கள்.

கலப்புப் பின்னத்தில் செவ்வகத்தின் பலன் இன்னும் கூடுதல். 2½ × 1½ எவ்வளவு? முழு எண்களைத் தனியாகவும் பின்னங்களைத் தனியாகவும் பெருக்கி 2¼ என்று எழுதுவது வகுப்பறையில் வழக்கமான பிழை. செவ்வகம் வரைந்தால் நான்கு அறைகள்: 2, 1, ½, ¼. விட்டுப்போன இரண்டு அறைகளும் கண்ணில் படும். விடை 3¾.

முந்திரி எனும் 1/320 வரை எண்சுவடியை மனப்பாடம் செய்யவைத்த திண்ணைப் பள்ளிகள் நம்மிடம் இருந்தன. அந்த மனப்பாடத்துக்கு நெல் அளவையும் நிலக் கணக்கும் அன்றாடத் துணையாக இருந்தன. இன்றைய விதிக்கு அந்தத் துணை இல்லை. படம்தான் அதை ஈடுகட்ட வேண்டும்.

எளாவூர் இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில்தான் 2022 ஜூனில் தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. அதன்வழி தொடக்க வகுப்புகளில் கிடைக்கும் படமும் பொருளும் ஆறாம், ஏழாம் வகுப்புகளிலும் தொடர வேண்டும். 2025-இல் வெளியான என்சிஇஆர்டியின் ஏழாம் வகுப்பு நூல் பின்னப் பெருக்கலைச் செவ்வகத்தின் பரப்போடு இணைத்துக் காட்டுகிறது. தேர்வுத்தாளும் மாற வேண்டும்: ⅔ × ¾ என்பது ¾-ஐவிடப் பெரிதா சிறிதா என்று கணக்குப் போடாமல் சொல்லச் சொல்லி, காரணத்தைப் படமாக வரையவும் கேட்கலாம்.