குறிப்பேட்டில் எழுதப்படும் பொய்

இன்சுலினை நம்பி வாழ்கிறவர்களின் வீடுகளில் பெரும்பாலும் ஒரு சிறு குறிப்பேடு இருக்கும். காலை வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு, சாப்பிட்டபின் எவ்வளவு, போட்டுக்கொண்ட இன்சுலின் எத்தனை யூனிட் என்று கட்டம் கட்டமாக எழுதிய ஏடு. மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய இரவு, ஒரே பேனாவால், ஒரே மூச்சில் நிரப்பிய பக்கங்களும் அதில் உண்டு. 124, 131, 118 என்று அடக்கமான எண்கள். நாட்குறிப்பை உண்மையின் இலக்கியம் என்று கருதிப் பழகிய நாம் இந்தப் புனைவைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். இதை எழுதவைப்பது யார்?

வீட்டிலேயே இரத்தச் சர்க்கரை பார்ப்பது ஒரு காலத்தில் நோயாளிக்கு எட்டாத காரியம். சிறுநீர்ச் சோதனைதான் இருந்தது. பெனடிக்ட் கரைசலில் சில துளிகளை விட்டுச் சூடாக்கினால், நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்குப் போகும். ஆனால் இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் அது சிறுநீரில் தென்படும். அந்த நிறம் சொல்வது பழைய செய்தி. தாழ்சர்க்கரையைப் பற்றியோ அது வாயே திறக்காது. குழாயில் நீலம் நீலமாகவே இருக்க, மனிதர் வியர்த்து, நடுங்கி, நினைவிழந்துகொண்டிருப்பார்.

இந்த நிலையை உடைத்தவர்களுள் முக்கியமானவர் ஒரு நோயாளி. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் அமெரிக்கப் பொறியாளர். 1946இல், பன்னிரண்டாம் வயதில், நோய் கண்டவர். 1969இல் ஏம்ஸ் நிறுவனத்தின் கருவியொன்றைப் பற்றிய விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. நினைவற்றுக் கொண்டுவரப்படுபவர் குடித்திருக்கிறாரா, சர்க்கரை நோயாளியா என்று இரவில் மருத்துவமனைகள் கண்டறிவதற்காக வந்த கருவி அது. மூன்று பவுண்டு எடை, 650 டாலர் விலை. மருத்துவர்களுக்கு மட்டுமே விற்பார்கள். அவருடைய மனைவி மருத்துவர். அவர் பெயரில் வாங்கினார்கள். நாளுக்கு ஐந்து முறையேனும் விரலைக் குத்திப் பார்த்து, உணவையும் ஊசியையும் மாற்றி மாற்றிச் சரிசெய்து, தன் உடம்பைத் தானே படிக்கக் கற்றார் பெர்ன்ஸ்டைன். கண்டதை எழுதி அனுப்பியபோது மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. மனிதர் சளைக்காமல் நாற்பத்தைந்தாம் வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரானார். 2025இல், தொண்ணூறு வயதில், காலமானார்.

அவர் பிடிவாதத்தின் நியாயத்தைப் பெரிய ஆய்வொன்று 1993இல் நிறுவியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1441 பேரைக் கொண்டு நடந்த அந்த ஆய்வில், நாளுக்கு நான்கு முறையேனும் சோதித்து இன்சுலினைத் திருத்திக்கொண்டவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு தொடங்கும் அபாயம் 76 விழுக்காடு குறைந்தது. கடுமையான தாழ்சர்க்கரை சுமார் மூன்று மடங்கானது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

நோயாளியின் கைக்கு வந்த எண் அவருடையதாகவே இருந்ததா என்பதுதான் நம் கேள்வி. 1984இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நினைவகம் பொருத்திய கருவிகளை நோயாளிகளிடம் கொடுத்தார்கள். நினைவகம் இருப்பதைச் சொல்லவில்லை. (அந்த நேர்மைக் குறைவு தனிக் கட்டுரைக்குரியது.) கருவியையும் குறிப்பேட்டையும் ஒப்பிட்டபோது, பார்த்த சில எண்கள் ஏட்டில் இல்லை, பார்க்காத எண்கள் இருந்தன. நோயாளிகள் நம்பத்தகாதவர்கள் என்று இதை வாசிப்பது எளிது. நாம் அப்படி வாசிக்கவில்லை. அவர்கள் தங்களுக்காக எழுதவில்லை, தேர்வுத்தாள் திருத்துபவருக்காக எழுதினார்கள்.

260 என்று கருவி காட்டியதும் நம் வீடுகளில் எழும் முதல் வாக்கியம், "என்ன தின்னே?" என்பதே. காய்ச்சல் இருக்கலாம். வெயிலில் இன்சுலின் கெட்டிருக்கலாம். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோல் தடித்திருக்கலாம். விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்களே ஏற்றிவிட்டிருக்கலாம். கருவியும் சத்தியவாக்கு அன்று: 2013ஆம் ஆண்டின் சர்வதேசத் தரவிதி பதினைந்து விழுக்காடு பிழையை அனுமதிக்கிறது, 200 என்பது 170ஆகவும் இருக்கலாம், 230ஆகவும் இருக்கலாம். இவ்வளவு ஐயத்துக்கிடமான ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஒரு சிறுமியின் ஒழுக்கத்தை எடைபோடுகிறோம். அவளும் விரைவில் கற்றுக்கொள்கிறாள்: அதிகமாக இருக்கும் என்று தோன்றும் நாளில் ஸ்ட்ரிப்பை எடுப்பதே இல்லை. காசு கொடுத்து வாங்கிய ஸ்ட்ரிப்பை வசவு வாங்குவதற்காகச் செலவழிப்பானேன்? ஆனால் சோதனை மிகவும் தேவைப்படும் நாள் அதுதான்.

இப்போது சென்சார்கள் வந்துவிட்டன. தோலுக்கடியில் அமர்ந்து, சில நிமிடத்துக்கொரு முறை அளந்து, அப்பாவின் தொலைபேசிக்கே வரைபடம் அனுப்புகின்றன. ஏட்டில் பொய் எழுத இனி வழியில்லை என்று மகிழ்கிறவர்கள் உண்டு. பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளை, "சென்சார் தானாவே கழண்டுடுச்சுப்பா" என்று சொல்லும்போது அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. அன்றைக்காவது "எத்தனை யூனிட் போடலாம், நீயே சொல்லு" என்று கேட்டுப் பார்க்கலாம்.