அலைமேல் ஒரு விடுமுறை

சென்ற மாதம் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று, இப்பகுதியில் நாம் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் பொருள்களினின்று சற்று விலகி நின்றது. நாகைக் கடலோரத்துத் தாய் ஒருவர் எழுதியிருந்தார். பெங்களூரில் பணியாற்றும் அவருடைய மூத்த மகள், தன் முதற் சேமிப்பைக் கொண்டு பெற்றோரையும் பதின்மூன்று வயதுத் தம்பியையும் இலங்கைக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றாளாம். அங்கே சர்ஃபிங் எனப்படும் அலைச்சறுக்குக் கற்றுத்தரும் முகாம் ஒன்றில் ஒரு வாரம் தங்குவதாகத் திட்டம். இடம் வெலிகம, காலம் மே மாதம், கட்டணமோ வழக்கமானதில் பாதி. தம்பி இரவு பகலாக அதே நினைவாய் இருக்கின்றான். தாயோ, 2004 டிசம்பர் 26-க்குப் பின் கடலில் கால் நனைத்ததில்லை. அவருடைய தங்கையை அந்தக் கடல் கொண்டுபோயிற்று. "போகலாமா, வேண்டாமா என்று மட்டும் சொல்லுங்கள், சாமி" என்று மடலை முடித்திருந்தார்.

போகலாம் என்பதே நம் விடை. ஆனால் மகள் குறித்து வைத்திருக்கும் கரைக்கு, அவள் குறித்து வைத்திருக்கும் மாதத்தில் அல்ல. இத்தகைய விருப்பம் இன்று பல வீடுகளில் எழுந்திருப்பதை நாம் அறிவோம். ஆதலின் விடையைச் சற்று விரித்தே எழுதுகின்றோம்.

முதலில் இவ்விளையாட்டைப் பற்றி ஒரு சொல். பலகையொன்றின்மேல் நின்று அலையோடு கரை நோக்கிச் சறுக்கி வருவது பசிபிக் தீவு மக்களின் பழங்கலை. 1779-இல் ஹவாய்த் தீவுகளில் இதனைக் கண்ட ஆங்கிலக் கப்பலதிகாரி ஜேம்ஸ் கிங் தம் குறிப்பேட்டில் வியந்து எழுதினார். அடுத்த நூற்றாண்டில் அங்கே சென்ற அமெரிக்க மறைபரப்பாளர் பலர், வேலைக்கும் நாணத்திற்கும் கேடென்று இதனை முகஞ்சுளித்தே நோக்கினர்; அவர்கள் வழி நடக்கும் எண்ணம் நமக்கு இல்லை. 1912-இல் நூறு மீட்டர் நீச்சலில் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹவாய் வீரர் டியூக் கஹானமோக்கு இதனை ஆஸ்திரேலியா வரை கொண்டு சென்றார். 2021-இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் இது முதன்முறையாக இடம்பெற்றது. கட்டுமரத்தில் அலை தாண்டிய நம் மீனவர் குலத்திற்கு இது அத்துணை அந்நியமன்று. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவ இளைஞர்களே இன்று பயிற்றுநர்களாய் விளங்குகின்றனர்.

இனி இலங்கைக்கு வருவோம். அத்தீவின் தென்முனையிலிருந்து நேர் தெற்கே புறப்பட்டால் அண்டார்டிக்கா வரையில் நிலமே இல்லை. அத்தொலைவில் வீசும் புயற்காற்றுகள் எழுப்பும் அலைகள் பல நாள் பயணம் செய்து இலங்கைக் கரையை அடைகின்றன. அலை ஆண்டு முழுவதும் வருகின்றது. அது ஒழுங்காக மடிகின்றதா, குழம்பிச் சிதறுகின்றதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கரையோரக் காற்றே. தென்மேற்குப் பருவக்காற்று மே மாதப் பிற்பகுதியில் தொடங்கிச் செப்டம்பர் வரை வீசும்போது இக்கடுவை, மிதிகம, வெலிகம, மிரிஸ்ஸ ஆகிய தென்மேற்குக் கரைகள் கொந்தளிக்கும், மழையும் கொட்டும். அக்காலத்தில் கிழக்குக் கரை வறண்டு, தெளிந்து, அலை அழகாய் நீண்டு உருளும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை இது தலைகீழாக மாறும். வெலிகம முகாம் மே மாதத்தில் பாதிக் கட்டணத்திற்குக் கிடைப்பதன் காரணம் இப்போது விளங்கும். முகாமினர் ஏமாற்றுகின்றனர் என்று நாம் கூறவில்லை. பருவம் தவறிய மாம்பழத்தைக் குறைந்த விலைக்கு விற்பவன் பொய் சொல்வதில்லை. வாங்குபவன் பருவத்தை அறிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

வெலிகம தன் காலத்தில் நல்ல இடமே. சிங்களத்தில் மணலூர் என்று பொருள்படும் அப்பெயருக்கு ஏற்பக் குடாவின் அடித்தளம் மணலாக உள்ளது. விழுந்தால் பாறை கிழிக்காது. கொழும்பிலிருந்து புகைவண்டியும் உண்டு. பல்லாண்டுகளாகப் புதியவர்கள் முதற்பாடம் படிக்கும் கரை அது. ஆனால் அதுவே அதன் குறையும் ஆயிற்று. பருவ நாட்களில் ஒரே அலைமேல் பத்துப் பலகைகள் பாய்வதும், ஒருவர் பலகை மற்றவர் மண்டையில் மோதுவதும் அங்கே புதிதன்று. அருகிலுள்ள மிதிகமவின் அலைகளோ பாறைத்திட்டின்மேல் மடிபவை, பழகியவர்க்கே உரியவை. 'வெலிகமவுக்கு அருகில்' என்று விளம்பரத்தில் கண்டால், எந்தக் கரையில் பாடம் நடக்கும் என்று பெயர் சொல்லிக் கேட்பது நன்று.

கிழக்கே அம்பாறை மாவட்டத்தில், பொத்துவிலுக்குத் தெற்கே உள்ளது அறுகம்பை. உலகெங்குமிருந்து அலைச்சறுக்குவோர் நாடி வரும் அவ்வூரின் முதன்மை அலை பாறைமேல் மடிவது; நம் தம்பிக்கு உரியதன்று. ஆனால் வடக்கே விஸ்கி பாயிண்ட் என்றும், தெற்கே பாணமை செல்லும் வழியில் பீனட் ஃபார்ம் என்றும் வழங்கப்படும் கரைகளில் மணற்பாங்கான, இளகிய அலைகள் உண்டு. (முதற்பெயரைக் கேட்டுப் பெற்றோர் அஞ்ச வேண்டா; அலைக்கும் புட்டிக்கும் தொடர்பில்லை.) அங்கே ஜூலை, ஆகஸ்டு மாதங்களே உச்ச பருவம். மே மாதத்தில் அலை சிறிது, கூட்டமும் குறைவு. முதன்முறை கற்பவர்க்கு அதுவே நலம். பிற்பகலில் காற்று எழுவதால் பாடங்கள் பெரும்பாலும் விடியற்காலையில் நடக்கும். தொலைவுதான் இடர்ப்பாடு. புகைவண்டி கிடையாது, கொழும்பிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் சாலை வழியே செல்ல வேண்டும். வழியில் ஓரிரவு தங்கிச் செல்வது முதியோர்க்கு நல்லது. அந்தி வேளைக்குப் பின் பாணமைச் சாலையில் முச்சக்கர வண்டியில் செல்வதைத் தவிர்க்கவும். யானைகள் நடமாடும் இடம் அது.

டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் வெலிகமவுக்கே செல்லலாமே என்று மகள் கேட்கக்கூடும். அலையைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் டிசம்பர் 26 அந்த விடுமுறையின் நடுவில் வருகின்றது. அந்த நாளில் தாயை வேறொரு கடற்கரையில் நிறுத்துவது நமக்கு ஒப்பவில்லை. மே மாதமே இக்குடும்பத்திற்கு ஏற்றது; கரைதான் மாற வேண்டும்.

கரை முடிவானபின் முகாமைத் தேடலாம். முகாம் என்ற ஒரே பெயரில் பலவகை வாணிகம் நடக்கின்றது. சில இடங்களில் மாலையானால் பாட்டும் குடியுமே முதன்மை, அலை இரண்டாவது. (பௌர்ணமி நாளில் மட்டும் இலங்கை முழுவதும் மது விற்பனை இல்லை.) வேறு சில முகாம்கள் ஏற்கெனவே கற்றவரைப் பெரிய அலைகளுக்குப் படகிலும் வண்டியிலும் அழைத்துச் செல்பவை. குடும்பத்திற்கு வேண்டியது, ஒரு வீட்டைப்போல் நடத்தப்பட்டு, நாளுக்கு ஒன்றோ இரண்டோ பாடமும், இரு வேளை உணவும், உறங்குவதற்கு அமைதியும் தருகின்ற சிறு முகாம். படங்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டா. எல்லா முகாமின் படத்திலும் தென்னையும் ஊஞ்சலும் இருக்கும். தொலைபேசியில் பேசிப் பாருங்கள்.

ஒரு பயிற்றுநரிடம் எத்தனை பேர் விடப்படுவர் என்பது முதற் கேள்வி. நான்கு பேருக்கு மேல் என்றால் நாம் வேறிடம் பார்ப்போம். பயிற்றுநர் தாமும் நீரில் இறங்கி உடன் நிற்பாரா, கரையிலிருந்து கையசைப்பவரா? பன்னாட்டு அலைச்சறுக்குச் சங்கத்தின் சான்றிதழ் பெற்றவரா, உயிர்காக்கும் பயிற்சி உண்டா? முதற்பாடம் மணலில் தொடங்குகின்றதா? கற்பவருக்குத் தரும் பலகை, எட்டடியோ அதற்கு மேலோ நீளமுள்ள, நுரைபோல் மெத்தென்ற பலகையாக இருத்தல் வேண்டும். இவ்விளையாட்டில் காயங்கள் பெரும்பாலும் சுறாவாலோ பாறையாலோ வருவதில்லை. தன் சொந்தப் பலகையாலேயே வருகின்றன. விழும்போது தலைகீழாய்ப் பாயாமல் தட்டையாக விழவும், மேலெழும்போது இரு கைகளாலும் தலையைக் காத்துக்கொள்ளவும் முதல் நாளே கற்பிக்காத ஆசிரியர் ஆசிரியரல்லர்.

ஒன்றை மட்டும் நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். 'நீந்தத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இடுப்பளவு நீர்தான்' என்று பல முகாம்கள் கூறும். நாம் இதனை ஏற்கவில்லை. பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு அறுந்துபோகக் கூடியது. பலகை உயிர்காக்கும் மிதவையன்று. இடுப்பளவு நீரிலும் இழுவை உண்டு. கரைமேல் வந்து விழும் அலைநீர் மீண்டும் கடலுக்குத் திரும்ப ஒரு வழி தேடுகின்றது. மணல்மேடுகளுக்கு இடையே பள்ளம் கண்டால் ஆறுபோல் அதன்வழியே விரைந்து வெளியேறும். அவ்விடத்தில் அலை மடிவது குறைவு. ஆகவே பார்வைக்கு மற்ற இடங்களைவிட அமைதியாய்த் தோன்றும். புதியவர் அதனையே பாதுகாப்பான இடமென்று தேர்ந்து இறங்குவர். இழுவையில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால், எத்துணை வலிமையுள்ளவராயினும் களைத்துப்போவார். களைப்பே அவரை மூழ்கடிக்கும். செய்ய வேண்டியது, பதறாமல் மிதந்து, கையுயர்த்தி உதவி கேட்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்நீரோட்டத்தைக் கடப்பது. பின்னர் அலைகளே கரைக்குக் கொணரும். பலகை கையிலிருப்பின் அதனை விட்டுவிடலாகாது. நம் மீனவப் பெற்றோர்க்கு இது தெரிந்த செய்தி. ஆனால் பெங்களூரில் வளரும் பிள்ளைகளுக்கு யார் சொன்னார்கள்?

ஆழிப்பேரலையைப் பற்றியும் மறைக்காமல் பேசுவோம். 2004-இல் இலங்கையில் 30,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இங்கே நாம் பெயர் குறித்த கரைகள் ஒன்றும் தப்பவில்லை. வெலிகமவை அடுத்த மாத்தறையில் ஞாயிறு திருப்பலி வேளையில் கடல் மாதா ஆலயத்துள் புகுந்தது. அது கொண்டுசென்ற திருச்சுருவம் பின்னர் மீட்கப்பட்டது. அன்று இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு இல்லை. பின்னர் அது அமைக்கப்பட்டு இயங்கி வருகின்றது. ஆயினும் முகாமை நடத்துபவரிடம், 'எச்சரிக்கை வந்தால் எவ்வழியே எந்த மேட்டிற்குச் செல்வது' என்று கேட்டு, முதல் மாலையே குடும்பமாக அவ்வழியை நடந்து பார்த்துவிடுங்கள். விடை சொல்லத் தயங்கும் முகாமில் தங்க வேண்டா. கரையை ஒட்டிய குடிலைவிடச் சற்று உள்ளே தள்ளிய அறையே நல்லது; இரவில் அலையோசையும் அங்கே குறைவாகக் கேட்கும். அந்தத் தாய்க்கு அதுவும் வேண்டியிருக்கும்.

அவரைப் பற்றி இன்னொன்று. அவர் கடலில் இறங்க வேண்டுமென்று யாரும் வற்புறுத்தலாகாது. 'ஒரே ஒரு முறை அம்மா' என்ற கெஞ்சலும் வேண்டா. ஆனால் ஏழு நாளும் அறைக்குள் அடைந்திருக்கவும் அவரை விடக்கூடாது. பொத்துவில் பக்கத்தில் பேசப்படுவது தமிழ். இசுலாமியரும் இந்துக்களுமாக வாழும் அவ்வூர்களிலும் 2004-இல் தங்கையையோ பிள்ளையையோ இழந்த பெண்கள் இருக்கின்றனர். சமையற்கட்டில் உள்ளூர்ப் பெண்கள் பணிபுரியும் முகாம் கிடைத்தால் அதனையே தேர்ந்துகொள்ளும்படி மகளுக்குச் சொல்கின்றோம். சோறும் மீன்குழம்பும் ஒழுங்காய்க் கிடைக்கும் என்பது கூடுதல் ஆதாயம். வெளிநாட்டார்க்கென்று கிண்ணத்தில் பழமும் விதையும் இட்டுத் தரும் முகாமில் அந்தத் தந்தை இரண்டாம் நாளே வாடிவிடுவார்.

மற்றவை சிறியவை. கழுத்து முதல் மணிக்கட்டு வரை மூடும் நீர்ச்சட்டை ஒன்றை ஆளுக்கொன்று வாங்குங்கள். வெயிலும் பலகையின் உராய்வும் தோலை உரிக்காது, உடையைப் பற்றிய தாய்மாரின் கவலையும் தீரும். பயணக் காப்பீடு எடுக்கையில் அலைச்சறுக்கு அதில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். பல காப்பீடுகள் சாகச விளையாட்டுகளை விலக்கிவிடுகின்றன. பொத்துவிலில் அரசு மருத்துவமனை உண்டு. அதற்குரிய தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். பயணத்திற்கு முன் ஒரு வார இறுதியில் கோவளத்தில் தம்பியை ஓரிரு பாடம் படிக்கச் செய்தால், அவனுக்கு இது உண்மையிலேயே பிடித்திருக்கின்றதா, வெறும் படம் பார்த்த ஆசையா என்பது சிறு செலவில் தெரிந்துவிடும்.

அக்காளும் தம்பியும் நீச்சல் வகுப்பில் இந்த வாரமே சேரட்டும். மே மாதத்திற்கு இன்னும் நான்கு மாதங்களே உள்ளன.