அம்மனுக்குக் கோபுரம் கட்டுறதுக்கு முன்னாடி, அவ நிக்கிற மண்ணு யார் பேர்ல இருக்குன்னு பாருங்க



கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தா வரட்டும், முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க. நான் தலைவரும் இல்ல, செயலாளரும் இல்ல. வெள்ளிக்கிழமை செருப்பு அடுக்குறது, திருவிழாவுக்குப் பந்தல் போடுறது, அன்னதானத்துக்குக் காய் நறுக்குறது, இதான் என் வேலை. அதனால யாரோட பதவிக்கும் ஆசைப்பட்டு இதை எழுதல.

எங்க கோயில் பழைய தோட்டத்துக் கோயில். லயத்தை எல்லாம் இடிச்சாச்சு, சனம் தாமானுக்குப் போயாச்சு, சுத்திலும் செம்பனை. அம்மன் மட்டும் அங்கேயே இருக்கா. போன வருஷம் கும்பாபிஷேகக் கூட்டம் போட்டாங்க. கோபுரத்துக்கு இவ்வளவு, சிற்பிக்கு இவ்வளவு, மண்டபத்துக்கு டைல்ஸ் இவ்வளவுன்னு கணக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. கடைசி வரிசையிலேருந்து ஒரு அக்கா எழுந்து, "எல்லாம் சரிங்க, கோயில் கிராண்டு யார்கிட்ட இருக்கு?"ன்னு கேட்டாங்க.

ஒருத்தரும் வாயைத் திறக்கல. அப்புறம் ஒரு பெரியவர், "அது அந்தக் காலத்துல துரை கொடுத்த இடம்மா"ன்னார். இன்னொருத்தர், "பழைய தலைவர் அலமாரியில இருந்துச்சு"ன்னார். பழைய தலைவர் காலமாகி ரொம்ப நாளாச்சு. அந்த வீடும் கைமாறிடுச்சு. அலமாரி எங்கே போச்சோ, அம்மனுக்குத்தான் வெளிச்சம்.

எனக்கு லீவு பாக்கி இருந்ததால தேடுற வேலை என் தலையில விழுந்துச்சு. அதுல நான் கத்துக்கிட்டதைத்தான் சொல்லப் போறேன்.

முதல்ல தெலுக் இந்தான் நில அலுவலகம் போனேன். "லாட் நம்பர் என்ன, எந்த முக்கிம்?"னு கேட்டாங்க. நான் கோயில் பேரைச் சொன்னேன். கோயில் பேரை வெச்சு அங்கே தேட முடியாது. நிலத்துக்கு லாட் நம்பர், முக்கிம், மாவட்டம், இதுதான் பேரு. நம்ம தாத்தா வெச்ச பேரு அந்தப் பதிவேட்டுல கிடையாது.

அப்புறம் லைசென்ஸ் உள்ள சர்வேயர் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு வந்து அளந்தோம். அப்பதான் உண்மை தெரிஞ்சுச்சு. கோயிலுக்கும் அன்னதானக் கொட்டகைக்கும் நடுவுல ஒரு பாரிட் ஓடுது பாருங்க, சின்னப் பிள்ளையில மீன் பிடிச்ச அதே பாரிட், அதுதான் எல்லை. அந்தப் பக்கம் ஒரு லாட், இந்தப் பக்கம் வேற லாட். 2017 வரைக்கும் ரெண்டும் ஹிலிர் பேராக்தான். அந்த வருஷம் பாகான் டத்தோ தனி மாவட்டம் ஆச்சு. ஊத்தான் மெலிந்தாங் எல்லாம் அந்தப் பக்கம் போச்சு. இப்ப அம்மன் ஒரு மாவட்டத்துல, அவளுக்குச் சோறு வடிக்கிற கொட்டகை இன்னொரு மாவட்டத்துல. கோயில் ஒரு அடிகூட நகரல. எல்லைதான் நகர்ந்துச்சு.

இத்தோட முடியல. சின்ன நிலத்தோட கிராண்டு மாவட்ட நில அலுவலகத்துல பதிவாகியிருக்கும், அதுக்குப் பேரு கெரான் முக்கிம். பட்டணத்து நிலமா இருந்தாலோ, வெளியூர் நிலம் 4 ஹெக்டேருக்கு மேல இருந்தாலோ, அது பொதுவா ஈப்போவில, மாநில நில, சுரங்க இயக்குநர் அலுவலகத்துல பதிவாகும். தோட்ட நிலம் பெரிய நிலம். அதனால கொட்டகைக்கு ஒரு ஆபீஸ், கருவறைக்கு ஈப்போ. பேராக்குல இப்ப 12 மாவட்டம். எந்தப் பதிவு எங்கே இருக்குன்னு தெரியாம ஒரு கோயில் கமிட்டி அலைஞ்சா, ஒரு தவணை பதவிக்காலமே அதுல ஓடிடும்.

கடைசியில சாரியான் போட்டுப் பார்த்தப்ப என்ன வந்துச்சு தெரியுமா? கருவறை நிக்கிற நிலம் ஒரு கம்பெனி பேர்ல. அதுவும் பழைய தோட்டக் கம்பெனி இல்ல, இடையில கைமாறி வேற ஒரு கம்பெனி. கொட்டகை நிலம் மூணு பேரோட பேர்ல. அந்தக் காலத்து மண்டோர், கிராணி, கோயில் தர்மகர்த்தா. மூணு பேரும் இப்ப உயிரோட இல்ல. கோயிலுக்காக வெச்சிருக்காங்கன்னு ஒரு வார்த்தை அந்தக் கிராண்டுல இல்ல. நிலவரி பல வருஷமா கட்டல. நோட்டீசு போயிருக்கு, எங்கே? இடிச்சுத் தள்ளின லயத்து விலாசத்துக்கு!

நிலவரி கட்டாத நிலத்துக்கு 6ஏ பாரம் வரும். மூணு மாசத்துக்குள்ள கட்டலன்னா நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கலாம். சட்டத்துல இருக்கு. நாங்க ஓடிப்போய் பாக்கியைக் கட்டினோம். இன்னும் கொஞ்ச நாள் தாமதிச்சிருந்தா, ஐநூறு பேருக்குச் சமைக்கிற கொட்டகை நம்ம கையை விட்டுப் போயிருக்கும். எவனும் சதி செஞ்சு இல்ல, நம்ம அசமந்தத்தாலயே போயிருக்கும்.

இனிமே நான் சொல்றதுதான் சில பேருக்குக் கசக்கும்.

"நூறு வருஷமா இருக்கோம், எவன் அசைப்பான்?"னு கேக்குறீங்க. 1966-லேருந்து அமலில் இருக்கிற தேசிய நிலச் சட்டத்துல, எத்தனை வருஷம் குடியிருந்தாலும் அதனால நிலம் சொந்தமாகாதுன்னு தெளிவா எழுதியிருக்கு. அரசாங்க நிலத்துக்கும் அப்படித்தான், தனியார் நிலத்துக்கும் அப்படித்தான். இந்த நாட்டுல பதிவேட்டுல யார் பேரோ அவங்கதான் சொந்தக்காரங்க. நம்ம கோயில் அந்தச் சட்டத்தைவிட மூத்ததா இருக்கலாம். ஆனா வழக்குன்னு வந்தா நீதிமன்றம் கோயிலோட வயசைக் கேக்காது, கிராண்டைத்தான் கேக்கும்.

"ஒய்.பி. லெட்டர் கொடுத்திருக்கார்"னு சொல்றீங்க. அந்த லெட்டர் ஆதரவுக் கடிதம். தேர்தலுக்குத் தேர்தல் ஒண்ணு வாங்கி ஃபைல்ல வைக்கலாம், சாரியான் போட்டா அதுல வராது. "எங்ககிட்ட எல்.பி.எஸ். இருக்கு"னு சொல்றீங்க. நல்லது. ஆனா அது தற்காலிக அனுமதி, டிசம்பர் 31 ஆனா அந்த வருஷத்துக்கு முடிஞ்சுது. புதுப்பிச்சீங்களான்னு பொருளாளரைக் கேளுங்க. அவர் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிஞ்சிடும்.

"அம்மாவுக்கு எதுக்குங்க கிராண்டு, அவளே பாத்துக்குவா"ன்னு சொல்றவங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். ராஜராஜனுக்குப் பக்தி குறைவா? தஞ்சைப் பெரிய கோயில் கல்லுல அவன் என்ன வெட்டி வெச்சான்? எந்த ஊர் நிலத்துலேருந்து கோயிலுக்கு எவ்வளவு நெல்லு வரணும்னு வெட்டி வெச்சான். கடவுளை நம்புனவன்தான் கணக்கையும் எழுதினான். நாம என்ன எழுதுறோம்? டியூப் லைட்டுல உபயக்காரர் பேரு, ஃபேன்ல பேரு, உண்டியல்ல பேரு. கோயில் மண்ணுக்கு மட்டும் எவன் பேரோ!

கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயிலை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கோயில். அந்த நிலத்தை மாநகராட்சி 2014-லயே தனியாருக்கு வித்தாச்சு. 2025 மார்ச்சு மாசம் ஊரே கொதிச்சுச்சு. கடைசியில சுமார் 50 மீட்டர் தள்ளி மாற்று இடத்துக்குச் சம்மதிச்சாங்க. 2007-ல பாடாங் ஜாவா கோயில் இடிபட்டப்ப அழுதோம். 2018-ல சீஃபீல்டு கோயில் கலவரத்துல ஒரு தீயணைப்பு வீரர் உயிரே போச்சு. ஒவ்வொரு தடவையும் புல்டோசர் வந்த அன்னிக்குத்தான் முழிக்கிறோம். நிலம் கைமாறின அன்னிக்கு நாம எங்கே இருந்தோம்?

அதுக்காக எல்லாத் தப்பும் நம்மதுன்னு நான் சொல்லல. காட்டை அழிச்சுப் பால்மரம் நட்டது நம்ம பாட்டன். அவன் கட்டின கோயிலுக்கு ஒரு மூலை நிலத்தைப் பிரிச்சுக் கொடுக்காம தோட்டத்தை வித்துட்டுப் போனாங்க. வித்த மறுநாள் நம்ம கோயிலுக்குச் "சட்டவிரோதம்"னு பேரு. அந்த வார்த்தையை நான் ஏத்துக்க மாட்டேன். தோட்டக்காரன் சம்மதத்தோட, எல்லாருக்கும் தெரிய, தேர் ஓட்டிக் கும்பிட்ட இடம் அது. மாநில அரசாங்கத்துக்கும் ஒரு கேள்வி: மாவட்டத்தைப் பிரிக்கும்போது, புது எல்லைக்குள்ள எத்தனை வழிபாட்டுத் தலம், எந்த லாட்டுல இருக்குன்னு ஒரு பட்டியல் போட முடியாதா? பினாங்குல 1906-லேருந்து இந்து அறப்பணி வாரியம் இருக்கு, கோயில் சொத்தைப் பார்த்துக்குது. பேராக்குல அப்படி ஒண்ணு ஏன் இல்ல? கேக்கணும், ஓட்டுப் போடும்போதும் கேக்கணும்.

ஆனா அந்த வாரியம் வர்ற வரைக்கும் நம்ம கை சும்மா இருக்கக் கூடாது. ஒவ்வொரு கோயிலும் இந்த மாசமே செய்ய வேண்டியது:

1. சர்வேயரை வெச்சு அளங்க. கருவறை, மண்டபம், கொட்டகை, குளம், நாகப் புத்து, எது எந்த லாட்டுல வருதுன்னு ஒரு பிளான் வாங்குங்க.

2. ஒவ்வொரு லாட்டுக்கும் தனித்தனியா சாரியான் போடுங்க. மாவட்ட நில அலுவலகத்துல இல்லன்னா ஈப்போ.

3. செத்துப்போனவங்க பேர்ல இருந்தா, இருக்கிற வாரிசுங்க நல்லவங்களா இருக்கும்போதே வக்கீலைப் பிடிச்சு மாத்துங்க. பேரன், பேத்தி காலம் போனா யாரு யாரைத் தேடுறது?

4. நிலவரி பில்லுக்கு இப்ப இருக்கிற விலாசத்தைக் கொடுங்க. மே 31-க்குள்ள கட்டுங்க. ரசீதை நோட்டீசு போர்டுல ஒட்டுங்க.

5. சங்கப் பதிவை உயிரோட வெச்சிருங்க. 1966 சங்கச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி நிலத்தைச் சங்கத்தின் பேரிலேயே பதியலாம், தனி ஆள் பேரு தேவையே இல்ல. ஆனா ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சு சண்டை போட்டுப் பதிவு ரத்தாச்சுன்னா, கிராண்டு கொடுக்க அரசாங்கமே முன்வந்தாலும் வாங்கிக்கக் கையெழுத்துப் போட ஆள் இருக்காது.

6. தனியார் நிலமா இருந்தா இப்பவே முதலாளிகிட்ட உக்காந்து பேசுங்க. வீடு கட்டுற திட்டம் வர்றதுக்கு முன்னாடி பேசுற பேச்சுக்கும், பின்னாடி பேசுற பேச்சுக்கும் விலையே வேற.

எங்க கோயில்ல என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. கொட்டகை நிலத்துக்கு மூணு குடும்பத்து வாரிசுகளையும் தேடிப் பிடிச்சாச்சு. அதுல ஒரு பேரன் கிள்ளான்லேருந்து வந்து, "எங்க தாத்தா பேரு இதுல இருக்கிறதே எங்களுக்குத் தெரியாது"ன்னு சொல்லி, அம்மன் முன்னாடி நின்னு அழுதுட்டுக் கையெழுத்துப் போட்டார். கருவறை நிலத்துக்குக் கம்பெனியோட பேச்சு நடக்குது, இன்னும் முடியல. கோபுர வேலையை நிறுத்தி வெச்சிருக்கோம். அதுக்கு என்னைத் திட்டுறவங்க இருக்காங்க. திட்டட்டும்.

நம்ம ஊர் சாய்ஞ்ச கோபுரத்தைப் பாருங்க. 1885-ல கட்டினது. கட்டினவன் கை சுத்தமாத்தான் இருந்துச்சு, அடிமண்ணுதான் இளகின மண்ணு. அது சாய்ஞ்சதைப் பார்க்க ஊர் ஊரா வர்றாங்க. நம்ம கோபுரம் சாய்ஞ்சா வேடிக்கை பார்க்கக்கூட எவனும் வர மாட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறப்போ, அர்ச்சனை சீட்டு வாங்குற இடத்துல நின்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணே, நம்ம கோயில் கிராண்டு யார் பேர்ல இருக்கு?" பதில் வந்தா சந்தோஷம். வரலன்னா அந்த வேலையை நீங்களே எடுத்துக்கங்க. அதுவும் ஒரு தொண்டுதான்.

உங்க கோயில் கமிட்டி குரூப்புல இதைப் போடுங்க. கூட வந்து நில அலுவலகத்துல வரிசையில நிக்க ஆள் வேணும்னா சொல்லுங்க, வர்றேன்.

ஓம் சக்தி. பராசக்தி துணை.