திறன் என்கிற உபதேசம்

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, புதுத் திறன் கற்றுக்கொள் என்று எல்லோரும் உபதேசிக்கிறார்கள். உபதேசிக்கிறவர்களில் எவருக்கும் வேலை போகவில்லை. கொல்லிமலையில் வங்கிக் குமாஸ்தாவாக உட்கார்ந்து இதைக் கேட்க எனக்குக் குமட்டுகிறது.

இயந்திரத்தின் மீது எனக்கு விரோதமில்லை. இம்மலையில் சாமையை உரலிலிட்டுக் குத்தித்தான் உமி நீக்கினார்கள். தோள் கழன்றுபோகிற வேலை, அதுவும் பெண்கள் தலையில். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்து சுய உதவிக் குழுக்களிடமே ஒப்படைத்தது. உலக்கையை நினைத்து ஒருத்தியும் அழுததாகத் தெரியவில்லை. (நம் கவிஞர்கள் அழக்கூடும்.) குத்தின கையே இயந்திரத்தையும் ஓட்டிற்று.

வங்கிகளிலும் அப்படித்தான். 1983இல் சங்கங்கள் ஒப்பந்தம் போட்டே கணிப்பொறியை உள்ளே விட்டன. எங்கே, எத்தனை என்பது வரை பேரம். பத்தாம்பசலித்தனம் என்று அதைப் பரிகசித்தவர்கள் உண்டு. 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்ததே, அங்கே யார் யாரோடு பேரம் பேசினார்கள்? செயற்கை நுண்ணறிவு காரணமில்லை, திறன் பொருந்தவில்லை என்றார் தலைமை நிர்வாகி. ஆக, குற்றம் வேலை செய்தவனுடையது.

கற்கிற மாதங்களில் சம்பளம் யார் தருவது? இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரம் யாருக்கு? இரண்டுக்கும் எழுத்தில் பதில் தரட்டும். வகுப்பில் முதல் பெஞ்சில் நான் உட்காருகிறேன்.