பத்தியில் இல்லாததை யார் கேட்பது?

கவரைப்பேட்டையில் எங்கள் காலனிப் படிப்பகத்தில் வாரத்தில் மூன்று நாள் இரவு 8 மணிக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. வகுப்பு என்று சொல்வதே அதிகம். ஒரு டியூப்லைட், இரண்டு பாய், சுவரில் அம்பேத்கர், பெரியார் படங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பகல் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள், தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. படிக்கிறவர்கள், லோக்கல் ரயிலில் சென்னைக் கல்லூரிகளுக்குப் போய்வருகிறவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் சேர்வோம். செய்வது ஒன்றே ஒன்றுதான். ஆய்வுக் கட்டுரை நடையில் எழுதப்பட்ட ஆங்கிலப் பத்தி ஒன்றை எடுத்து வாசிப்போம். 200 சொல்லுக்குள் இருக்கும். கீழே ஐந்து கேள்வி. பத்து நிமிடம்.

போன மாதம் ஒரு கைடிலிருந்து எடுத்த பத்தி இப்படிப் போனது: இந்தியக் கிராமங்களில் ஒவ்வொரு சமூகமும் தன் பரம்பரைத் தொழிலைச் செய்துவந்தது; அதனால் கிராமப் பொருளாதாரம் நிலையாக இருந்தது; ஆலைகள் வந்ததும் அந்த நிலைத்தன்மை குலைந்தது. கேள்வி: ஆசிரியர் கருத்துப்படி கிராமப் பொருளாதாரத்துக்கு நிலைத்தன்மை தந்தது எது?

ஷிப்ட் முடித்து வந்திருந்த தங்கச்சி ஒருத்தி ‘மேற்கண்ட எதுவுமில்லை’ என்று டிக் அடித்திருந்தாள்.

“விடை முதலாவதும்மா. பரம்பரைத் தொழில். பத்தியிலேயே இருக்கு பாரு” என்றேன்.

“எங்க தாத்தா செத்த மாடு தூக்குனவருக்கா. ஊர்ல எவன் வீட்டு மாடு செத்தாலும் அவருதான் போகணும். போகலன்னா அடி. அதுக்குப் பேரு நிலைத்தன்மையா?”

“சரிதான். ஆனா ஆசிரியர் என்ன சொல்றாருன்னுதான் கேள்வி. பத்திக்கு வெளிய இருந்து எதையும் கொண்டு வரக் கூடாது.”

“பத்தியில இல்லாதத நாம சொல்லக் கூடாது, சரிக்கா. அப்ப அவங்க வேணும்னே உட்டத யாரு கேக்குறது?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்றிரவு யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்த ஐந்து கேள்விக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். யுஜிசி நெட் தேர்வின் முதல் தாளில் 50 கேள்விகள், 100 மதிப்பெண். ‘காம்ப்ரிஹென்ஷன்’ அதன் பாடத்திட்டத்தில் தனி அலகு. பல பாடங்களின் இரண்டாம் தாளிலும் பத்தி வருகிறது. தேர்வில் மேலே வந்தால் ஜேஆர்எஃப், மாதம் 37,000 ரூபாய். கான்ட்ராக்ட் வேலையை விட்டுவிட்டு ஆய்வு செய்ய வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைக்கு இந்த நாடு திறந்து வைத்திருக்கிற சில கதவுகளில் அது ஒன்று. 2024 ஜூன் முதல் நெட் மதிப்பெண்ணை முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம் என்று யுஜிசி அறிவித்துவிட்டது. ஆக, கதவு இன்னும் குறுகிவிட்டது.

மொழிப் பாடங்களைத் தவிர இந்தத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வருகிறது. அலகாபாத் மாணவருக்குப் பத்தி அவர் மொழியில் கிடைக்கிறது. கவரைப்பேட்டை மாணவிக்குக் கிடைப்பதில்லை. இருவருக்கும் ஒரே நேரம், ஒரே கேள்வி. இதற்குப் பெயர் சமவாய்ப்பாம்!

குடிமைப் பணித் தேர்வின் கதையும் இதுதான். 2011இல் முதல்நிலைத் தேர்வில் ‘சிசாட்’ தாளைப் புகுத்தினார்கள். பத்தி வாசிப்பு அதில் பெரும்பகுதி. 2014இல் இந்தி வழி மாணவர்கள் டெல்லியில் தெருவில் இறங்கினார்கள். அரசு பணிந்தது. அந்த ஆண்டு ஆங்கிலப் புரிதல் கேள்விகளின் மதிப்பெண் கணக்கில் சேர்க்கப்படவில்லை. 2015 முதல் அந்தத் தாளில் 33 விழுக்காடு எடுத்தால் போதும் என்றார்கள். நல்லது. அந்த மாணவர்கள் போராடியது நியாயம். ஆனால் அந்தத் தாளின் பத்திகள் இன்றைக்கும் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கின்றன. தமிழில் படித்தவர் அந்த 33 விழுக்காட்டையும் அடுத்தவர் மொழியில்தான் எடுக்க வேண்டும். சட்டக் கல்விக்கான கிளாட் தேர்வோ 2020 முதல் முழுக்க முழுக்கப் பத்தி வாசிப்பாகவே மாறிவிட்டது. அது ஆங்கிலத்தில் மட்டும்.

இதையெல்லாம் சொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கும். “வாசித்துப் புரிந்துகொள்வது அடிப்படைத் திறன். அதில் சாதி எங்கே வந்தது?” முதுகலை படிக்கும்போது நான் முதல்முறை நெட் எழுதித் தோற்றேன். ஒரு பேராசிரியர் என்னிடம் சொன்னார்: “உங்களுக்கெல்லாம் பாடம் வரும்மா, காம்ப்ரிஹென்ஷன் வராது.” அந்த ‘உங்களுக்கெல்லாம்’ யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏதோ ரத்தத்தில் வருகிற சரக்கு போலச் சொன்னார்.

அது ரத்தத்தில் வருவதில்லை. 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 7, 8ஆம் வகுப்பு மாணவர்கள் 64 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்புத் தேர்வில் ‘கெட்டிக்காரர்கள்’ என்று பெயரெடுத்த, ஆனால் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட, வாசிப்பில் ‘மந்தம்’ என்று ஒதுக்கப்பட்ட, ஆனால் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நீங்கள் புரிந்துகொள்ளும் அளவை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த உலகம் பெருமளவு தீர்மானிக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

இப்போது கேளுங்கள்: தேர்வுப் பத்திகள் யாருடைய உலகம்? பணவீக்கக் கொள்கை, ஐரோப்பிய ஓவியம், கர்நாடக இசை, தாராளவாத ஜனநாயகம். வீட்டில் தினமும் ஆங்கிலப் பேப்பர் விழுகிற, சாப்பாட்டு மேசையில் ரிசர்வ் வங்கியைப் பற்றிப் பேசுகிற குடும்பத்துப் பிள்ளை அந்தப் பத்தியில் பாதியை வாசிக்கும் முன்பே வாசித்துவிடுகிறது. எங்கள் படிப்பகத்தில் ஒருநாள் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் பற்றிய பத்தி ஒன்றைக் கொடுத்தேன். முதன்மை முதலாளி யார், கான்ட்ராக்டர் யார், பொறுப்பு யாருடையது என்று சிக்கிச் சிக்கி எழுதப்பட்ட பத்தி. செத்த மாட்டைப் பற்றிக் கேட்ட அதே தங்கச்சி ஐந்துக்கு ஐந்து. கல்லூரியில் முதல் மாணவனாக இருக்கும் தம்பிக்கு இரண்டு. அவனுக்கு அவள்தான் விளக்கினாள். அன்றைக்கு யாருக்குத் தகுதி, யாருக்குத் திறமை?

திறந்த போட்டித் தேர்வில் எடுக்கும் மதிப்பெண்ணோடு தகுதியைச் சுருக்கிவிட முடியாது, சிலருக்குப் பிறப்போடு வரும் சமூக, பொருளாதார, பண்பாட்டு வசதிகளை அந்தத் தேர்வு காட்டுவதில்லை என்று 2022 ஜனவரியில், மருத்துவ இடங்களில் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டு வழக்கில், உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ‘தகுதி’ கோஷக்காரர்கள் அந்தத் தீர்ப்பையாவது ஒரு காம்ப்ரிஹென்ஷன் பத்தியாக எண்ணி வாசிக்கலாம்.

தேர்வு யார் கையில் அதிகாரத்தைக் கொடுக்கும் என்று கேட்பது நமக்குப் புதிதில்லை. ஐசிஎஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, 1893இல் ரெட்டைமலை சீனிவாசன் முன்னின்று சென்னையில் கூட்டம் போட்டு, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் கையெழுத்தோடு எதிர்ப்பு மனு அனுப்பினார். அந்தப் பதவிகளில் யார் உட்காருவார்கள், உட்கார்ந்து யாரை நசுக்குவார்கள் என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருந்தது.

எதிராளிக்குச் சொன்னது போதும். இனி நம் பக்கத்துக்கு.

நான் இந்த வகுப்பை நடத்துவதைப் பார்த்துச் சில தோழர்கள் முகம் சுளிக்கிறார்கள். “படிப்பகத்தைக் கோச்சிங் சென்டர் ஆக்கிவிட்டீர்களே! இந்தத் தேர்வே மோசடி என்கிறீர்கள், பிறகு ஏன் அதற்குப் பயிற்சி?” என்கிறார்கள். தோழர்களே, மோசடியான பூட்டு என்பதால் சாவி செய்யக் கற்காமல் வாசலிலேயே நிற்கச் சொல்கிறீர்களா? இதைச் சொல்கிற பலர் உள்ளே போய்வந்தவர்கள். தமிழிலும் தேர்வு வேண்டும் என்று போராடுவோம். போராட்டம் வெல்லும் வரை அடுத்த ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு எழுதப் போகிறவளுக்கு நாம் கொடுப்பது என்ன? வாழ்த்தா?

இன்னொன்றும் உண்டு, கசப்பானது. நம்மில் எத்தனை பேர் வாசிக்கிறோம்? அம்பேத்கர் படத்தின் கீழே நாலு வரி போட்டால் ஆயிரம் பேர் பகிர்கிறோம். அந்த நாலு வரியை அவர் எழுதினாரா, எந்த நூலில், யாருக்குப் பதிலாக எழுதினார் என்று எத்தனை பேர் தேடினோம்? அவர் எழுத்தை வாசிக்கத் தனிக் கவனம் வேண்டும். எதிராளியின் வாதத்தை முதலில் அவனைவிட நன்றாக எடுத்து வைப்பார், பிறகு உடைப்பார். சாதி என்பது வேலைப் பிரிவினைதானே என்ற வாதத்தையும் அப்படித்தான் எடுத்து வைத்து உடைக்கிறார். பாதியில் நிறுத்தினால் எதிராளியின் வாதமே அம்பேத்கரின் வாதமாகிவிடும். இப்படி வெட்டிய மேற்கோள்களை வைத்துத்தான் அவரைத் தங்கள் ஆளாகக் காட்டுகிறது ஒரு கூட்டம். அதைப் பிடிக்க வேண்டுமானால் வாசிக்கத் தெரிய வேண்டும்.

1936இல் லாகூரில் ஜாத் பாத் தோடக் மண்டல் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையை முன்கூட்டி வாசித்தவர்கள் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார். மாநாடே ரத்தானது. அவர் அதைத் தன் செலவில் நூலாக அச்சிட்டார். ‘சாதி ஒழிப்பு’ பிறந்தது இப்படித்தான். அந்த உரையின் வீரியத்தை முதலில் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் அதைக் கண்டு பயந்தவர்கள். நம் எழுத்தை அவர்கள் அவ்வளவு கவனமாக வாசிக்கிறார்கள். நாம்?

தங்கச்சியின் கேள்விக்கும் அம்பேத்கரிடம்தான் விடை கிடைத்தது. 1916 மே மாதம், கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயதில் அவர் ஒரு கருத்தரங்கக் கட்டுரை வாசித்தார். இந்தியாவில் சாதிகள் பற்றியது. அதில் அவர் முதலில் செய்ததைப் பாருங்கள். சாதி என்றால் என்ன என்று செனார்ட், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் என்ற நான்கு அறிஞர்கள் எழுதிய விளக்கங்களை எடுக்கிறார். சின்னச் சின்னப் பத்திகள். ஒவ்வொருவரும் என்ன சொல்கிறார் என்று நேர்மையாகக் காட்டுகிறார். பிறகு ஒவ்வொருவரும் எதை விட்டார், எதை மையமென்று தவறாக எண்ணினார் என்று காட்டுகிறார். கடைசியில், தீட்டோ தொழிலோ சாதியின் உயிர்நாடி ஆகாது, அகமணம்தான் உயிர்நாடி என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார். இன்றுவரை சாதியைப் பற்றி யோசிக்கும் எவரும் தாண்டிப் போக முடியாத அந்த முடிவு, நான்கு குட்டிப் பத்திகளை ஒழுங்காக வாசித்ததில் கிடைத்தது.

அந்தக் கட்டுரையைப் பார்த்து வகுப்பை மாற்றினோம். இப்போது ஒவ்வொரு பத்தியையும் இரண்டு முறை வாசிக்கிறோம். முதல் வாசிப்பு தேர்வுக்கு. பத்தி என்ன சொல்கிறதோ அதை மட்டும். அகராதி கிடையாது, தெரியாத சொல்லைச் சுற்றியிருக்கும் சொற்களிலிருந்து ஊகிக்க வேண்டும். ‘ஆனால்’, ‘இருப்பினும்’, ‘என்று கருதப்படுகிறது’ என்று பொருள்தரும் ஆங்கிலச் சொற்களைக் கண்டதும் பென்சிலால் வட்டம். ஆசிரியர் கட்சி மாறும் இடம் அங்கேதான் இருக்கும். எது ஆசிரியரின் கருத்து, எது அவர் மறுக்கப்போகிற கருத்து என்று பிரிக்க வேண்டும். கடைசியில் மொத்தப் பத்தியையும் தமிழில் ஒரே வரியில், வீட்டில் அம்மாவுக்குச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம். மறுபடி முதலிலிருந்து.

இரண்டாம் வாசிப்பு நமக்கு. இதில் மதிப்பெண் இல்லை. ‘சமூகம்’ என்ற சொல் எந்தச் சாதியை மறைக்கிறது? ‘செய்யப்பட்டது’ என்றால் செய்தவன் யார்? ‘பாரம்பரியமாக’ என்றால் யார் விரும்பி, யார் அடிக்குப் பயந்து? இதைச் சொல்லும்போது தாத்தாவைத் தாராளமாகக் கூப்பிடலாம்.

இந்த வாசிப்பு தேர்வோடு முடிவதில்லை. சிப்காட்டைச் சுற்றி வாழ்கிற நமக்கு ஆலை விரிவாக்கம், பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் எல்லாம் பழக்கமான சொற்கள். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்பது 2006 அறிவிக்கையிலேயே இருக்கிறது. அந்த அறிவிக்கையையே மாற்ற 2020இல் ஒரு வரைவைக் கொண்டுவந்தார்கள். அதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டு நாட்டு மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். 22 மொழிகளில் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. தமிழில் வந்தாலும் அதை வாசித்து, ‘குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை’ என்ற வரியில் விரல் வைத்து, “யாருக்கு?” என்று மைக்கில் கேட்க ஒருவர் வேண்டுமே. அவரைப் படிப்பகம்தான் உருவாக்க முடியும்.

பெரியாரின் குடிஅரசை சலூனிலும் டீக்கடையிலும் ஒருவர் வாசிக்க, எழுத்தறியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டு வாதம் செய்த மண் இது. அவர்கள் செய்ததும் காம்ப்ரிஹென்ஷன்தான். அதைத் தனி ஆளாக, மௌனமாக, கடிகாரத்தோடு செய்ய வேண்டிய திறமையாக மாற்றியது தேர்வு. நாம் அதை மீண்டும் கூட்டமாகச் செய்வோம். உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் கேரம் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு பாய் போடுங்கள். வாரம் மூன்று பத்தி. ஒன்று தேர்வுக் கைடிலிருந்து, ஒன்று அம்பேத்கரிடமிருந்து, ஒன்று உங்கள் ஊரைப் பற்றி அரசு எழுதியதிலிருந்து. ஏற்கெனவே தேர்வில் வென்றவர்கள் விடுமுறைக்கு வரும்போது செல்ஃபி எடுத்துக்கொண்டு போகாமல் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

அந்தத் தங்கச்சி அடுத்த நெட் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். இப்போதெல்லாம் முதலில் சரியான விடைக்கு டிக் அடித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுகிறாள். அந்தக் கேள்விக்குறிகளைச் சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் ஆய்வு அங்கிருந்துதான் தொடங்கும்.