மாத்தளை மைந்தர் இருவரும் ஓர் ஆசனமும்

இலங்கைக்கு அரசுத் தலைவர் இருவரை ஈந்த பெருமை நம் மாத்தளை மாவட்டத்திற்கு உண்டு. துல்லேவையிற் பிறந்த வில்லியம் கோபல்லாவ ஒருவர். கலேவெலையிற் பிறந்த அநுர குமார திசாநாயக்க மற்றவர். இருவரும் அமர்ந்த ஆசனம் பெயரளவில் ஒன்றே, வலிமையில் வேறு.

1962இல் மகாதேசாதிபதியான கோபல்லாவ, 1972இல் நாடு குடியரசானபோது அதன் முதற் சனாதிபதியுமானார். ஆயினும் ஆட்சி நடத்தியவர் பிரதமரே. 1978இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா அவ்வாசனத்திற்கு நிறைவேற்று அதிகாரத்தை அளித்தார். அவர் முதலாக, 2024இற் பதவியேற்ற அநுர குமார ஈறாக, ஒன்பதின்மர் அவ்வதிகாரத்தை ஏற்றனர். அவருள் கோத்தாபய ராஜபக்ச 2022இல் மக்கள் கிளர்ச்சியால் நாட்டைவிட்டு அகன்று பதவி துறந்தார்.

1994இல் சந்திரிகா தொட்டுப் பலர் இம்முறையை ஒழிப்போம் என வாக்களித்தனர், ஒழித்தாரில்லை. ஒழித்தல் நன்றோ?

ஒருவர் கையில் அதிகாரம் குவிதல் தீதென்பது மெய். ஆனால், மலையகத் தமிழரின் குடியுரிமையை 1948இற் பறித்தது பாராளுமன்றப் பெரும்பான்மையன்றோ! அன்று நிறைவேற்றுச் சனாதிபதி எவருமிலர். நாடு முழுவதும் ஒரே தொகுதியாய் வாக்களிக்கையில், வேட்பாளர் தோட்டத் தொழிலாளியின் வாக்கையும் நாடுவர் என்பர் சிலர். 2019இல் பெரும்பான்மையினர் வாக்கே வெற்றிக்குப் போதியதாயிற்று.

ஆதலின் ஆசனமும் காப்பன்று, அவையும் காப்பன்று. ஆசனத்தை அகற்ற முனைவோர், சிறுபான்மையோர்க்குரிய காப்பை அரசியலமைப்பில் முதற்கண் எழுதுவாராக.