ஊழுக்கு அடுத்த பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

விதியைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, திருக்குறளின் 38ஆம் அதிகாரமான 'ஊழ்' என்பதோடு நின்றுவிட்டது. 62ஆம் அதிகாரமான 'ஆள்வினையுடைமை'யையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஊழைவிட வலியது எது என்று கேட்ட அதே வள்ளுவர்தான், சோர்வில்லாமல் முயல்பவர் அந்த ஊழையே புறங்காட்ட வைப்பார் என்கிறார். எனக்கு இதில் முரண் தெரியவில்லை. நடந்து முடிந்ததைத் தாங்கிக்கொள்ள ஒன்று, நாளைய வேலையைத் தொடங்க மற்றொன்று.

பிள்ளைகளிடமோ நாம் முதலாவதை மட்டும் சொல்கிறோம். கணக்கில் மார்க் குறைந்தால் "அவன் தலையெழுத்து" என்கிறோம். அதைக் கேட்ட பிள்ளை பிறகு எதற்காகப் புத்தகத்தைத் திறக்கும்?

என் அம்மா ஜாதகத்தை முழுதாக நம்பியவர். ஆனால், மளிகைக் கடைக்காரர் தவறிக் கூடுதலாகத் தந்த பத்து ரூபாயோடு நான் வந்து நின்றபோது, கொதித்துக்கொண்டிருந்த குழம்பை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கடைக்கே கூட்டிப்போனார். "நீயே உன் கையால குடு" என்றார். கிரகம், நேரம் என்ற பேச்சே எழவில்லை. நம்பிக்கை உள்ள வீடுகளிலும் இப்படித்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அந்த வளர்ப்பைப் பற்றியும் கட்டுரையாளரை எழுதச் சொல்லுங்கள்.

ஒரு வாசகி,
மன்னார்குடி.